பதினேழாவது கேள்வி

மோகனசுந்தரம் வீட்டில் எந்தச் சேதியும் லட்டு தீர்ந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவருக்குப் போய்ச் சேரும். போன வாரமும் அதுதான் நடந்தது.

கேரளத்தில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் அவர்களுடைய வார்டு இந்தப் பஞ்சாயத்துத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இருபத்தெட்டு வருஷமாகக் கட்சிக்காக பூத்தில் உட்கார்ந்த மனிதர், இந்தத் தடவையாவது தன்னை நிறுத்துவார்கள் என்று புது வேட்டிகூட எடுத்து வைத்திருந்தார். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் கட்சிக் கன்வீனர் குப்பண்ணனிடம், "எங்கூட்டுலயே ஆள் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். லட்டு வந்தது. தெருவே தின்றது. காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் வேட்பாளர் தான்தான் என்று கோமதிக்குத் தெரிந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோமதி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டே அந்த வீட்டில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள். பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மகள் நர்மதாதான், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், "அம்மாவை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

கேட்காமலே நாட்கள் போய்விட்டன. இன்று மனுக் கொடுக்கக் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணியோடு பஞ்சாயத்து ஆபீசில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

காலை ஏழரை மணி. கோமதி பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்து சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மோகனசுந்தரம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், மடங்கி உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார். நர்மதா போனை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"ஏம்மா, ஒரு பத்து நிமிசம். இருபத்தஞ்சு கேள்வி. ஒத்துக்கறேன், ஒத்துக்கல, சொல்லத் தெரியலை. இதுல ஏதாச்சும் ஒண்ணு சொன்னாப் போதும்."

நர்மதாவின் வேலை என்ன என்று இதுவரை நான் சரியாகச் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவுக்கும் அது சரியாகத் தெரியாது. பாலக்காட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் அவளும் இன்னும் ஆறு பேரும் உட்கார்ந்து, எல்லாக் கட்சிகளும் என்னென்ன செய்வோம் என்று சொல்லியிருக்கின்றன என்பதைப் படித்துக் கேள்விகளாக எழுதியிருக்கிறார்கள். ஓட்டுப் போடுகிறவர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், அவர் நினைப்புக்கு எந்தக் கட்சி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று போன் சொல்லிவிடும். மலையாளத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. தமிழில் எழுதியது நர்மதா. இன்று சாயங்காலம் வெளியே விட வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்த்துவிடு என்று கூட வேலை பார்க்கும் ஜிஷா சொல்லி அனுப்பியிருந்தாள்.

எந்தெந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவீர்கள். மூன்று கட்சி. அப்பாவுடையது ஒன்று, அப்பாவுக்கு ஆகாதது ஒன்று, அப்பா கணக்கிலேயே சேர்க்காதது ஒன்று. கதைக்கு இது போதும்.

"ஆத்துல மணல் அள்ளறதுக்குப் பஞ்சாயத்தே அனுமதி கொடுக்கலாம்."

"ஒத்துக்கல."

"நெல்லு வயலை மண்ணடிச்சு மூடி ஊடு கட்டறதுக்குச் சட்டத்தைத் தளர்த்தலாம்."

"ஒத்துக்கறேன். அடுத்தது?"

தேங்காய் துருவுகிற வேகத்திலேயே பதிலும் விழுந்தது. பதினேழாவது கேள்வி வந்தபோது நர்மதா கொஞ்சம் மெதுவாகப் படித்தாள். "ஊடுகளுக்கு நூறு மீட்டருக்குள்ள இருக்கற மாந்தோப்புல மருந்தடிக்கறதைத் தடை செய்யணும்."

"வேண்டாம், ஒத்துக்கல. அடுத்தது சொல்லு கண்ணு, சட்னிக்கு நேரமாகுது."

எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. போன் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு முடிவைச் சொன்னது. அப்பாவின் கட்சிக்கு இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று.

மோகனசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தயா! பாத்தயா! எங்கட்சிக்காரனுக்கே இருபது தேறாது. யாராச்சும் கேட்டீங்களான்னு என்னமோ பெருசா கேட்டயே சாமி, இப்ப உன்ற போனே சொல்லிருச்சல்ல?" தன் போனால் மகள் போனைப் படமெடுத்து, கும்பிடுகிற கை மூன்று சேர்த்து, வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வாசலுக்குப் போகும்போதே குப்பண்ணனின் கட்டை விரல் வந்துவிட்டது.

"ஏம்புள்ள, ஒரு மணிக்கு வந்துருவேன். மனு எல்லாம் நிரப்பியாச்சு, முன்மொழியறவன் கையெழுத்து நானே போட்டுட்டேன். உன்ற கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அந்தப் பச்சைச் சீலை கட்டி நில்லு."

"சரிங்க."

ஸ்கூட்டர் சத்தம் போய் மறைந்தது. நர்மதா மட்டும் நின்ற இடத்திலேயே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்றுகூட அவளுக்கு உறுத்தவில்லை. பதினேழுதான் இடித்தது.

ஒவ்வொரு வருஷமும் மாம்பூ பிடிக்கிற மாசத்தில் குத்தகைக்காரனின் ஆட்கள் வீட்டை ஒட்டிய அவர்களுடைய மாந்தோப்பில் பூச்சிமருந்து அடிப்பார்கள். அன்று காலையில் கோமதி தார்ப்பாயை எடுத்துக் கிணற்றை மூடி, கயிறு போட்டுக் கட்டி, மேலே நாலு கல்லையும் வைப்பாள். மூன்று நாளைக்குக் கோயிலடிக் குழாயிலிருந்துதான் வீட்டுக்குத் தண்ணீர். போன வருஷம் மாட்டுத் தொட்டியை மூட மறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த கன்றுக்குட்டி மறுநாள் சாயங்காலம் செத்துப்போனது. நர்மதா அப்போது பாலக்காட்டில் இருந்தாள். போனில் அம்மா அழுத சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

"அம்மா, பதினேழாவதுக்கு நெசமாத்தான் சொன்னயா?"

"எது?"

"மருந்தடிக்கறது."

"அப்பா அப்படித்தானே சொல்லுவாரு?"

"அப்பாவை எதுக்கு இழுக்கற? கேள்வி உனக்குத்தானே?"

கோமதி துருவலை நிறுத்திவிட்டு மகளை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஊட்டுக்குத்தானே கேட்ட? ஜனக்கணக்கு எடுக்க வாரவங்க, ஜாதிக் கணக்கு எடுக்க வாரவங்க, ஆஸ்பத்திரிக்காரி, எல்லாரும் வாசப்படியில நின்னு மொதல்ல குடும்பத்தலைவர் பேரைத்தானே கேக்கறாங்க? அவரு தோட்டங்காட்டுல இருப்பாரு. அவரு என்ன சொல்லுவாரோ அதை நாஞ்சொல்லுவேன். முப்பது வருசமா ஒண்ணுகூடத் தப்புனதில்ல." கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்காதா? இருபத்து மூன்று வாங்கியிருக்கிறாளே.

ரேஷன் கார்டில் குடும்பத்தலைவி என்று போட்டிருப்பது கோமதியின் பெயரும் கோமதியின் படமும்தான். அது அட்டையோடு சரி.

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் கடை மாடியில் ஏழு பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தும் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உடனே ஜிஷாவுக்குப் போன் போட்டாள். முதல் கேள்விக்கு முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். 'இது குடும்பக் கணக்கெடுப்பு அல்ல. உங்கள் வீட்டுக்காரருக்காகவோ வீட்டுக்காகவோ பதில் சொல்ல வேண்டாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.'

பிறகு அம்மாவிடம் வந்து அதையே படித்துக் காட்டினாள். "இப்ப மறுபடியும் மொதல்ல இருந்து. உனக்கு."

கோமதி அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் கணவர் எப்போதும் உட்காருகிற நாற்காலியைத் தள்ளிவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள்.

"எனக்குன்னாக் கொஞ்சம் நேரமாகும் கண்ணு" என்றாள்.

ஆயிற்று. முக்கால் மணி நேரம் ஆயிற்று. மணல் அள்ளுவதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி. நெல் வயலை மூடுவதில் வேறு. காட்டுப் பன்றியைச் சுட அனுமதி கேட்ட கேள்வியில் கோமதி சண்டைக்கே வந்துவிட்டாள்.

"இந்தக் கேள்வியெல்லாம் எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"பன்னி வந்து உழுதுட்டுப் போன மறுநாள் விடியக்காலைல நம்ம வயல்ல வந்து நின்னு பாத்திருக்கறயா? பாத்துட்டு எழுது. பாதிக் கேள்விதான் கேட்டிருக்கற."

நர்மதா குறித்துக்கொண்டாள்.

பதினேழாவது கேள்வி வந்தது. இந்த முறை நர்மதா படிக்கவே இல்லை. போனை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். கோமதி எழுத்துக் கூட்டுகிறவள்போல மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு, ஒத்துக்கறேன் என்று இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். வைத்த விரலைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

சக்கரம் சுற்றி நின்றது. அப்பாவின் கட்சிக்குப் பதினொன்று. அப்பாவுக்கு ஆகாத கட்சிக்குப் பன்னிரண்டு. மூன்றாவதுக்கு எட்டு.

"எதுவுமே பாதி வரலையேம்மா."

"பெயிலா?"

"நீயா?"

"நானெதுக்குப் பெயிலாகறேன்? அவிங்கதான்" என்றாள் கோமதி.

மகள் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

"எனக்கு நிக்கோணும்னு ஆசை இருக்குது கண்ணு."

நர்மதா இதை எதிர்பார்க்கவில்லை. அம்மா வேண்டாம் என்பாள், அதற்குத் துணை நிற்க வேண்டும் என்றுதான் அவள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பால் சொசைட்டியில அத்தனை பொம்பளைங்க ஒவ்வொண்ணு சொல்றாங்க. ரோட்டு வெளக்கு, தண்ணி, அங்கன்வாடிக் கூரை. எல்லாம் மனசுல கெடக்குது. நின்னா ஜெயிப்பேன்னு கூடத் தோணுது. ஆனா ஜெயிச்சு அங்க போயி உக்காந்து, பதினேழாவதுக்குக் கட்சி சொல்லுதுன்னு வேண்டாம்னு கை தூக்கோணும்னா, அது என்னால ஆகாது. அந்தக் கன்னுக்குட்டி மொகம் கண்ணுலயே நிக்குது."

"கட்சிச் சின்னம் வேணும்னாத்தான், இவிங்க எங்க ஆளுன்னு கட்சி எழுதித் தர்ற கடுதாசி வேணும்மா. மனு வேற, கடுதாசி வேற. கடுதாசி கொடுக்காட்டி நீ சுயேச்சை, அவ்வளவுதான்."

"கடுதாசி எங்க இருக்குது?"

"அப்பா சட்டைப் பையில."

கோமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான் எதையும் பேச வேண்டும் என்பது கோமதியின் கொள்கை. அதில் அவளுக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ஒரு மணிக்கு வந்த மோகனசுந்தரம் சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து அவியலையும் ரசத்தையும் ஒரு கை பார்த்தார். மோர் ஊற்றிய பிறகு, அவர் தட்டுக்குப் பக்கத்தில் கோமதி போனை வைத்தாள்.

"ஏனுங்க, இதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லுங்க."

அவர் குனிந்து படித்தார். "இதுக்குத்தான் காலைல சொல்லிட்டயே?"

"அது உங்களுக்காக நாஞ்சொன்னதுங்க. இருபத்தஞ்சும் உங்களுக்காகச் சொன்னதுதான். பொறவு எனக்காகச் சொன்னேன். உங்க கட்சிக்குப் பதினொண்ணு."

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. குரூப்பில் போட்ட படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நர்மதா பயந்தாள்.

"கட்சி என்ன சொல்லும்னு கேக்கலைங்க" என்றாள் கோமதி. குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க என்ன சொல்லுவீங்க?"

மோகனசுந்தரம் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "தோப்பைக் குத்தகைக்கு விட்டது நான்" என்றார். "மருந்தடிக்காட்டிக் காய் நிக்காதுன்னு மைக்கைப் புடிச்சுப் பேசுனதும் நான்."

"தெரியுமுங்க."

"அந்தக் கன்னுக்குட்டி வவுத்து உப்புசத்துல போச்சுன்னு உங்கிட்டச் சொன்னேன்."

"சொன்னீங்க."

"நம்புனயா?"

"இல்லீங்க."

"பொறவு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"குழி தோண்டிப் பொதைச்சுட்டு வந்து, கையைக் கழுவுன பொறவும் கழுவிட்டே இருந்தீங்க. உங்களை என்னத்தைக் கேக்கறது?"

அவர் இடது கையால் போனைப் பக்கத்தில் இழுத்தார். விரல் ஒத்துக்கல என்ற கட்டத்துக்குப் போயிற்று. அங்கிருந்து ஒத்துக்கறேனுக்குப் போயிற்று. கடைசியில் மூன்றாவது கட்டத்தில் அமுக்கிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். 'சொல்லத் தெரியலை.'

கோமதி அந்த எழுத்தையே பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "முப்பது வருசத்துல எனக்குத் தெரியலைன்னு இவரு வாயில இருந்து நான் கேட்டதே இல்ல கண்ணு. இன்னிக்கு விரலாச்சும் சொல்லிருச்சு" என்று மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கை கழுவி வந்ததும் அவள் மனுவைக் கேட்டு வாங்கினாள். காட்டிய இடத்திலெல்லாம் தமிழில், நிறுத்தி நிதானமாக, கோமதி என்று எழுதினாள். பேனாவை மூடி அவரிடம் நீட்டினாள்.

"நான் நிக்கறேனுங்க. மனசார நிக்கறேன். ஆனா அந்தக் கடுதாசி வேண்டாமுங்க."

மோகனசுந்தரம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கஞ்சி போட்ட சட்டை கசங்கியது. "இருபத்தெட்டு வருசம் புள்ள" என்றார். "குப்பண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தும் அவள் வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை. பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். மணி இரண்டேகால்.

இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கால்வாய்ப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது கோமதி வழக்கம்போல அவர் தோளைப் பிடித்தாள். பாலம் தாண்டியும் எடுக்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் குப்பண்ணன் பத்துப் பேரோடும் கையில் ஒரு கதர்த் துண்டோடும் நின்றிருந்தார். கோமதியைப் பார்த்ததும், "வாங்கோ, வாங்கோ! நம்ம வேட்பாளர், இருபத்தி மூணு மார்க்கு ஸ்தானார்த்தி வந்தாச்சு!" என்று கை தட்டினார். கூட இருந்தவர்களும் தட்டினார்கள். "மோகனு, கடுதாசி பத்திரமா இருக்குதுங்களா?"

மோகனசுந்தரத்தின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

உள்ளேயிருந்து கிளார்க் எட்டிப் பார்த்து, "ஆராணு கோமதி?" என்று மலையாளத்தில் விசாரித்தார்.

மோகனசுந்தரம் கடிதத்தை வெளியே எடுத்தார். நாலாக மடித்திருந்ததைப் பிரிக்காமல், குப்பண்ணனைப் பார்க்காமல், மனைவியின் கையில் வைத்தார். "கொடுக்கறதும் கொடுக்காததும் உன்ற இஷ்டம்" என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கோமதி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒரு கையில் மனுவும் ஒரு கையில் கடிதமுமாகப் படியேறி உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

குப்பண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏனுங்க மோகனு, நீங்க கூடப் போகலீங்களா?"

மோகனசுந்தரம் காலியான சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"இல்லீங்க. அவளைத்தான் கூப்பிட்டாங்க."